நாலு பத்துக்கு இறங்கிய விமானம்

விழுப்புரம் நான்குமுனை சந்திப்பைத் தாண்டி, புது பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் டிபன் பாக்ஸ், மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒரு சட்டை, 'சிறந்த சோதனையாளர்' என்று பொறித்த பிளாஸ்டிக் கேடயம். அரை மணி நேரம் முன்பு என்னை வேலையை விட்டு அனுப்பியவர்கள் கேடயத்தை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. பெருந்தன்மையான நிர்வாகம்.

அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. ஒன்பதாவது வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து, எங்கிருந்தாவது இறங்கி நடப்பதுதான் என் முக்கியத் தொழில். நடுநடுவே வேலையும் பார்த்திருக்கிறேன். லாரி கிளீனர், பூனாவில் இட்லிக் கடை, குஜராத்தில் டைல்ஸ் கம்பெனி, ஹைதராபாத்தில் லாரி புக்கிங் ஆபீஸ். கடைசியில் சொன்ன இடத்தில் பதினோரு வருஷம் டிரைவர்கள் கிறுக்கிய ரசீதுகளைப் படித்ததில், மனிதன் எழுதிய எந்தக் கிறுக்கலையும் படிக்கும் கண் வாய்த்தது. பட்டப்படிப்பு படித்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை. அதனால்தான் நான் அவர்களுக்கு மேலே சோதனையாளராக உட்கார்ந்தேன்.

பழைய ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, ஓய்வு பெற்ற என்னை ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதை இரண்டு நாளில் கற்றுக்கொள்வீர்கள். எதை அழுத்தக் கூடாது என்பதற்கு எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் குண்டு போடும் விமானப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு கிளார்க் இருந்தார். எந்த விமானம், அதில் ஏறிய ஏழு பேர் யார் யார், எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது, என்ன நடந்தது. இதைத் தினமும் கட்டம் போட்ட தாளில் எழுதி வைப்பது அவர் வேலை. மற்றவர்கள் சண்டை போட்டார்கள், இவர் எழுதினார். இன்றைக்கு அந்தச் சண்டையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மெடல் குத்திக்கொண்டவர்கள் சொன்ன கதையைவிட இவர் எழுதிய கட்டங்கள்தான் வேண்டியிருக்கிறது. அதனால் அந்தத் தாள்கள் படமாகி, கடல் தாண்டி, விழுப்புரத்தில் ஒரு உரக்கடை மாடிக்கு வந்து சேர்ந்தன. யூரியா நெடியில் நாங்கள் முப்பது பேர் அவற்றைக் கம்ப்யூட்டரில் அடித்தோம்.

முழுத் தாள் யாருக்கும் வராது. நெடுக்காக வெட்டி பட்டை பட்டையாக வரும். எங்களுக்குப் பேர்களும் நேரங்களும். 'என்ன நடந்தது' என்ற கடைசிப் பட்டை வேறு ஏதோ ஊருக்குப் போயிற்று. ரகசியம் காக்க என்று காரணம் சொன்னார்கள். படித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவோம் என்ற பயம் என்பது என் எண்ணம். முழுத் தாளைத் திறந்து பார்க்கும் பட்டன் சோதனையாளனான எனக்கு மட்டும் இருந்தது. ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தில் நாலு வரி சோதித்துவிடலாம். ஆகவே, நான் அந்தப் பட்டனை மிகவும் மரியாதையாக, தொடாமல் வைத்திருந்தேன்.

எங்கள் கட்டுகளில் இரண்டு கிளார்க்குகளின் கையெழுத்து இருந்தது. ஒருவருடையது கோழி கிளறின மாதிரி. அவருக்கு 'கிறுக்கர்' என்று பேர் வைத்தோம். அவர் விடுமுறையில் போன வாரங்களில் இன்னொருவர் எழுதியிருப்பார். முத்து முத்தான எழுத்து. கண்டமங்கலத்திலிருந்து தினம் பஸ்ஸில் வரும் எஸ்தர் அவருக்கு 'அழகு சார்' என்று பேர் வைத்தாள். பி.எஸ்ஸி. கணிதம் படித்த பெண். அழகு சார் பக்கம் வந்தால் மொத்த மாடியும் சந்தோஷப்படும். கடகடவென்று அடிக்கலாம். கிறுக்கர் வந்தால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும்.

ஒரு நாள் எஸ்தர்தான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.

"காசிண்ணா, அழகு சார் ஏரோப்ளேனுங்க எல்லாம் கால் மணி, அரை மணி, முக்கால் மணிக்குத்தான் கெளம்புது. கிறுக்கரோடது பதினேழு, முப்பத்தி நாலுன்னு கண்ட நேரத்துக்குக் கெளம்புது."

"அழகு சார் நேரம் தவறாத மனுஷன்."

"இல்லீங்ணா. அவரு வாசல்ல நின்னு பாக்கல. சாயங்காலமா உக்காந்து மொத்தமா எழுதிக்கிறாரு."

நான் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். எங்கள் மாடியிலேயே புத்திசாலித்தனமாகப் பேசப்பட்ட வாக்கியம் அது. உட்கார்ந்து மொத்தமாக எழுதுகிறவர்களைப் பற்றி அப்போதே நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஏனென்றால், அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவன்.

எப்படி என்று சொல்கிறேன். கம்ப்யூட்டரில் எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது. விட்டால் சிவப்பாகும், அடுத்த வரிக்குப் போகவிடாது. யாரோ ஒரு பொறியாளர் வாழ்க்கையில் எல்லாக் கேள்விக்கும் பதில் உண்டு என்று நம்பி அப்படி அமைத்திருந்தார். ஆனால், கிறுக்கரின் தாளில் அங்கங்கே 'இறங்கிய நேரம்' காலியாக இருக்கும். ஆரம்பத்திலேயே எஸ்தர் வந்து நின்றாள்.

"ணா, எறங்குன நேரம் எழுதல. சிஸ்டம் வுட மாட்டேங்குது."

"மேல் வரியில என்ன இருக்குது?"

"நாலு பத்து."

"அப்ப இதுவும் நாலு பத்து. ஒண்ணாப் போனவங்க ஒண்ணா வந்திருப்பாங்க, கல்யாணத்துக்குப் போன வேன் மாதிரி. எழுத மறந்திருப்பான். அந்தாளு கையெழுத்தே சொல்லுதே லட்சணத்த."

மேல் வரியைப் பார்த்து நிரப்பு. இதுதான் என் கண்டுபிடிப்பு. வேகம் கூடியது. மேனேஜர் ஏழுமலை எல்லாரையும் நிற்க வைத்துக் கைதட்டச் சொல்லி எனக்கு அந்தக் கேடயத்தைக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட தப்பு வரும் என்று தெரிந்தே, தாள்களை அனுப்பிய வெளிநாட்டுக் கஸ்டமர் ஒரு காவலும் வைத்திருந்தான். அதே தாள்களைத் திண்டிவனத்தில் வேறொரு கம்பெனியும் தனியாக அடிக்கும். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிடும். வேறுபட்டால் திருப்பி அனுப்பும். இரண்டு ஊரும் பேசிக்கொள்ளக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். முதல் மாதம் காலிக் கட்டங்களில் நாங்கள் ஒன்று போட, அவர்கள் ஒன்று போட, கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது. நான் பஸ் ஏறித் திண்டிவனம் போய், அங்கே பொறுப்பில் இருந்த குணசேகரை டீக்கடையில் பார்த்தேன். மேல் வரி வைத்தியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். அதற்குப் பிறகு இரண்டு ஊரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. இவ்வளவு துல்லியத்தை எங்கேயும் கண்டதில்லை என்று கஸ்டமர் பாராட்டி எழுதினான். அவன் சொன்னது உண்மை. அவ்வளவு துல்லியம் எங்கேயும் இருக்காது.

எஸ்தருக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

"ணா, ஒரு டவுட்டு. அந்த நாலு பத்து வண்டியில இருந்த ஏழு பேரோட பேரையும் அடிச்சி அடிச்சி எனக்கு மனப்பாடம். பத்திரமா எறங்கிட்டாங்க இல்ல? அப்புறம் ஏன் அவங்க பேரு வரவே மாட்டேங்குது?"

"லீவுல போயிருப்பாங்க."

"ஏழு பேருமா?"

"ஒரே ஊர்க்காரங்களா இருக்கும். திருவிழாவா இருக்கும். அடிச்சிக்கினு போம்மா."

இரண்டு வருஷ வேலையில் முதல் பாகம் கஸ்டமரின் இணையதளத்தில் ஏறியது. இரண்டாம் பாகமும் கடைசிப் பாகமும் மூன்று நாளில் போக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. கஸ்டமருக்கு ஒரு அம்மா எழுதியதை அவன் எங்களுக்குத் தள்ளியிருந்தான். எஸ்தர் படித்துச் சொன்னாள். "உங்கள் பதிவில் என் அண்ணனின் விமானம் அதிகாலை நாலு பத்துக்கு இறங்கியதாக இருக்கிறது. அவன் திரும்பவில்லை என்று எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது. இறங்கியிருந்தால் பிறகு எங்கே போனான்? எனக்குத் தொண்ணூற்று மூன்று வயது. பதில் சீக்கிரம் கிடைத்தால் நல்லது."

ஏழுமலைக்கு இது ஒரு புகார். புகார் என்றால் மூட வேண்டும். அதற்கென்று ஒரு பதில் தயாராக இருந்தது. 'பதிவு மூல ஆவணத்தின்படியே உள்ளது.' அதன் கீழே 'மூலத்துடன் ஒப்பிட்டேன்' என்ற கட்டத்தில் சோதனையாளன் ஒரு டிக் போட வேண்டும்.

"டிக்கப் போடுங்கண்ணே, டீக்குப் போலாம்" என்றார் ஏழுமலை.

அன்றைக்கு ஏனோ அந்தப் பட்டனை அழுத்தினேன். ஒரு நிமிஷம் சுற்றிக்கொண்டிருந்து முழுத் தாள் திறந்தது. பத்து வரி. ஒன்பது விமானங்களுக்கு இறங்கிய நேரம் இருந்தது. அந்த ஒன்றுக்கு இல்லை. வலது ஓரத்தில், எங்களுக்கு வராத பட்டையில், கிறுக்கர் எழுதியிருந்தார். 'கிளம்பிய பின் எந்தத் தகவலும் இல்லை.'

படத்தைப் பெரிதாக்கினேன். காலிக் கட்டத்தில் ஒரு மைப்புள்ளி. பேனாவை வைத்து, எழுதாமல் எடுத்த புள்ளி. அந்த மனிதன் மறக்கவில்லை. ஏழு பேரும் வருவார்கள் என்று கட்டத்தைத் திறந்து வைத்திருந்தான். இறங்கியதை அவன் பார்க்கவில்லை. பார்க்காததால் எழுதவில்லை. மேலதிகாரி கேட்டிருப்பான், தாள் அசிங்கமாக இருக்கிறது என்று யாராவது திட்டியிருப்பார்கள். அவனிடமும் ஒரு மேல் வரி இருந்தது. காப்பி அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

என் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான். பேர் தெரியாது. நான் அவருக்கு வைத்த பேர் உங்களுக்குத் தெரியும்.

"தப்பு நம்மளுது" என்றேன் ஏழுமலையிடம்.

"அப்ப அந்த ஒரு வரியை மட்டும் சரி பண்ணிடுங்க. அந்தம்மாவுக்கும் திருப்தி, நமக்கும் பேஜாரு இல்ல."

இங்கே நான் கொதித்து எழுந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால், அந்த ஒரு வரியைத் திருத்தினேன். புகாரையும் மூடினேன். டீ குடித்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது எஸ்தர் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள், அடிக்காமல்.

"இன்னும் எத்தினி வரிணா இப்படிப் போட்டோம்?"

"யாருக்குத் தெரியும்?"

"மேல் வரியும் கீழ் வரியும் ஒண்ணா இருந்தா அதான்னு எடுத்துடலாமே?"

"நெஜமாவே ரெண்டு வண்டி ஒரே நிமிஷத்துல எறங்கியிருந்தா?"

அப்போதுதான் எனக்கே முழுசாக உறைத்தது. கிறுக்கர் எழுதிய உண்மையும் நான் போட்ட பொய்யும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை. பொய்யை நானே போட்டும் எனக்கே அதைக் கண்டுபிடிக்க வழியில்லை, ஒவ்வொரு தாளையும் திறந்தால் ஒழிய. எங்கள் தயவில், இப்போது திருத்திய அந்த ஒன்றைத் தவிர, அந்தப் பிரிவு ஒரு விமானத்தைக்கூட இழக்காமல் போரை முடித்திருந்தது. ஜெயித்தவர்களே படித்தால் கூச்சப்படுவார்கள். எந்த ராத்திரி எத்தனை பேர் செத்தார்கள், எந்தத் திட்டம் முட்டாள்தனமானது, யாருடைய உத்தரவால் என்று கேட்க வருகிற ஆராய்ச்சியாளனுக்கு, எல்லாரும் சௌக்கியம் என்று விழுப்புரம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். மூன்று நாள் கழித்து மொத்தமும் போய்விட்டால் அதுதான் வரலாறு.

"அந்தம்மா கேட்டுது. கேக்கறதுக்கு ஆள் இல்லாதவங்க?" என்றாள் எஸ்தர்.

"பெரிய பேச்செல்லாம் வேணாம். கஸ்டமர் அட்ரஸ எடு."

ஒன்பதாவது வகுப்பு ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் அடித்தேன். அந்த அம்மாவின் அண்ணன் இறங்கவில்லை. நாலு பத்து என்பது நான் போட்டது. இன்னும் பல இடங்களில் அப்படிப் போட்டிருக்கிறேன், எங்கே என்று தெரியாது. தாள்களைத் திறந்து பார்க்காமல் எதையும் ஏற்ற வேண்டாம். கீழே என் பேர்.

"கிராமர் தப்பா இருக்குதுணா. குடுங்க, மாத்தித் தர்றேன்."

"மாத்தாத. நல்லா இருந்தா யாரோ எழுதிக் குடுத்தான்னு தேடுவாங்க. நீ வேலையில இரு."

'அனுப்பு' என்பதை அழுத்துவதற்கு முன் நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். இறங்கி நடந்து பழகியவனுக்கு இதெல்லாம் சுலபம். குடும்பம், கடன், கண்டமங்கலத்தில் காத்திருக்கிற அம்மா என்று இருக்கிற எஸ்தருக்குத்தான் அந்தப் பட்டன் கனம். உங்களில் யாராவது நாளைக்கு இதே இடத்தில் உட்கார்ந்தால், முதலில் யாரிடம் இழப்பதற்குக் குறைவாக இருக்கிறது என்று பாருங்கள். அழுத்த வேண்டியது அவர்.

மறுநாள் மத்தியானம் கஸ்டமரின் பதில் வந்தது. எல்லாம் நிறுத்தம், இரண்டு கம்பெனியும் ஒரு மணி நேரத்தில் விளக்கம் தர வேண்டும். சாயங்காலம் ஏழுமலை என்னைக் கூப்பிட்டார்.

"காசிண்ணே, உங்கள எங்க அப்பா மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன்."

"அப்பாவ வேலைய வுட்டு அனுப்புவீங்களா?"

"எங்கப்பா எனக்குத் தெரியாம கஸ்டமருக்கு மெயில் போட மாட்டாரு."

"என்னன்னு வெளக்கம் குடுத்தீங்க?"

"தப்பே இல்லன்னு குடுத்தேன். ஒரு ஆளு மனநிலை சரியில்லாம எழுதிட்டாரு, நீக்கிட்டோம்னு சொல்லியிருக்குது."

சோதனையாளனுக்குப் பைத்தியம், சோதனை மட்டும் சரி. அவரும் மேல் வரியைப் பார்த்து நிரப்புகிறவர்தான். கோபம் வரவில்லை. என்னிடம் கற்றுக்கொண்டது. பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். நான்குமுனை சந்திப்பில் நீங்கள் என்னைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

பஸ் ஸ்டாண்டில் முதலில் நின்ற பஸ் திண்டிவனம் போவது. ஏறினேன். அன்று எங்கே படுத்தேன் என்பது உங்கள் பாடத்தில் வராது. காலையில் மேம்பாலத்துப் பக்கம் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, குணசேகரின் ஆபீஸுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கற்றுக் கொடுத்தவன் நான், மாட்டிக்கொண்டவர் அவர்.

"வாங்க வாங்க. ஒத்த மெயில்ல ரெண்டு ஆபீஸ் வாயிலயும் மண்ணப் போட்டவரு" என்றார் குணசேகர். நாற்காலியைக் காட்டவில்லை.

"நீங்க என்ன வெளக்கம் குடுத்தீங்க?"

"ஆமா, தப்புதான்னு குடுத்தேன். யோக்கியன்னு நெனைக்காதீங்க. ஒரு மணி நேரத்துல கேட்டான், பொய் யோசிக்க டைம் பத்தல." பெருமூச்சு விட்டார். "ஒத்துக்கிட்டதுக்குத் தண்டனையா, உங்களுது எங்களுது எல்லாக் கட்டையும் எங்க தலையில கட்டிட்டான். ஒவ்வொரு தாளையும் தெறந்து பாக்கணுமாம். முதல் பாகத்தையும் வெப்சைட்லேருந்து எறக்கிட்டான். காலிக் கட்டத்தக் காலியா வுடலாம்னு சிஸ்டத்தையும் மாத்திட்டான்."

"அந்தம்மா?"

"பதில் சொல்லிட்டாங்களாம். அது திருப்பி எழுதியிருக்குது. ரொம்ப நன்றி, இனிமே தேட வேணாம்னு. ஆனா ஒரு சிக்கல். அந்தக் கிறுக்கல் எங்க புள்ளைங்களுக்குப் படிக்க வராது."

"ரெண்டு வருஷமா எப்படி அடிச்சாங்க?"

"வாட்ஸ்அப்புல உங்களுதப் பாத்துதான்."

இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அவர் எழுந்து, வரிசையின் கடைசியில், கழிவறைக் கதவை ஒட்டியிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"சோதனையாளர் பதவி எல்லாம் இல்ல. புதுசா சேர்றவங்களுக்கு என்னவோ அதான்."

"வேலை?"

"நீங்க போட்டத நீங்களே எடுக்கணும். எத்தினி மாசம் ஆவும்னு தெரியாது."

பையை மேஜைக்குக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் தாள் திறக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. காத்திருந்தேன். ஐந்தாவது வரியில் என்னுடைய இரண்டு இருபத்தைந்து இருந்தது. கிறுக்கரின் தாளில் அங்கே ஒன்றும் இல்லை. அழித்தேன். கட்டம் சிவப்பாகவில்லை. அடுத்த தாளைத் திறந்தேன்.